பெரியம்மாவும் மூக்கரும்

ஃப்ரீஸருக்குள் கையை விட்டு, பட்டாணிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி, முந்தின நாளே அங்கே வைத்த காலி கேஸ் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். கைக்கு அடக்கமான, பனி பூத்த பாட்டில்கள். துண்டில் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்தாயிற்று, காப்பி குடித்தாயிற்று, இனி இதுதான் வேலை. "பிள்ளைங்க நல்லா குளுந்திருக்கு, இன்னிக்கு மடமடன்னு குடிச்சிரும்" என்கிறார். அடுப்படியில் நிற்கும் மனைவி, அது தன்னிடம் சொன்னதல்ல என்றே வைத்துக்கொள்கிறாள்.

அவர் பிளம்பர். வாரம் முழுக்க ஊரார் வீட்டுத் தொட்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர். செப்புக் குழாய்களை ஒட்டுவதற்கு நெருப்பு வேண்டும். அந்த நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற, சின்ன பாட்டில்தான் தோது. ஒரு தடவை பாதி ஒட்டிலேயே கேஸ் தீர்ந்துபோய், ஏணி உச்சியில் நின்று திருதிருவென்று விழித்தாராம். அந்த வீட்டுக்காரர் கீழேயிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறதாம். அன்றைக்குத்தான், சின்ன பாட்டில்களைத் தானே நிரப்பிக்கொள்ள, பெரிய டேங்க் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து, தானே பற்றவைத்த இரும்புச் சட்டத்தில் தலைகீழாக நிறுத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் பெரியம்மா. "வீட்ல எல்லாருக்கும் ஊத்திக் கொடுக்கிறது பெரியம்மாதானே?" என்பார்.

அதிலிருந்து ஒரு பாஷையே பிறந்துவிட்டது. பாட்டில்கள் பிள்ளைகள். நிரப்புவது குடிக்க வைப்பது. குளிர்ந்த பாட்டிலில்தான் கேஸ் வேகமாக இறங்கும் என்று முதல் நாளே அவற்றை ஃப்ரீஸரில் வைத்துவிடுவார். எடை பார்க்க மனைவியின் சமையலறைத் தராசைக் கொண்டுபோய்விடுவார். முள் அவர் நினைத்த இடத்துக்கு வந்ததும் வால்வை மூடிவிடுவார். "வயிறு முட்டக் குடிச்சா வெயில்ல வாந்தி எடுத்துரும்" என்பது அதற்கு விளக்கம். எங்காவது ஒரு பாட்டிலில் கேஸ் கசிந்தால், "பிள்ளை அழுவுது" என்பார். மனைவி மட்டும் இந்தப் பாஷையை நாக்கில் படவிட்டதே இல்லை. அவளுக்கு அது "அந்தச் சனியன்". வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள் அவள். ஞாயிறு காலையில் ஜன்னல்களையெல்லாம் திறந்து, அடுப்பை அணைத்து, கொட்டகையிருக்கும் பக்கம் தலைகூடத் திரும்பாமல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். தொலைபேசியில் மகள், "அப்பா அதை இன்னும் வச்சிருக்காரா?" என்று கேட்கும்போதெல்லாம், "என்னைக்காவது கூரையோட சேத்து நம்மளையும் அனுப்பி வைக்கப் போறார் பாரு" என்று அவர் காதில் விழும்படிச் சொல்வாள்.

அவருக்கு அதெல்லாம் உறைக்காது. காரணம் அவருடைய மூக்கு. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை, சற்றே இடப்பக்கம் சாய்ந்த சாதாரண மூக்குதான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எந்த வீட்டில் பால் அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும். ஒருமுறை வேலைக்குப் போன வீட்டில் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அழுகிய முட்டைக்கோஸ் வாடை வருகிறது, அடுப்புக்குப் பின்னால் கேஸ் குழாய் கசிகிறது, யாரும் சுவிட்சைத் தொடாதீர்கள் என்றார். போய்ப் பார்த்தால் அப்படியேதான். உடன் வந்த ஏ.சி. மெக்கானிக் அன்றைக்கு "மூக்கர் அண்ணன்" என்று கூப்பிட ஆரம்பித்தான். பிறகு எல்லாருக்கும் அவர் மூக்கராகிவிட்டார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் அந்த மெக்கானிக் தன் பாட்டிலோடு வருவான். கேக் செய்து விற்கிற அம்மா ஒருவரும், கேக்கின் மேல் சர்க்கரையைக் கருக்குகிற தம்முடைய பாட்டிலோடு வருவார். மூக்கர் பாட்டிலை வாங்குகிற அழகே தனி. நேராக மூக்குக்கு அடியில் கொண்டுபோவார். கண்ணை மூடுவார். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "நல்ல பிள்ளை" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார்கள். கசிவு பார்க்க நுரை தடவினால் போதுமே, குமிழி வந்தால் தெரிந்துவிடுமே என்று மெக்கானிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அந்த வட்டாரத்தில் பிரசித்தம்.

"சோப்புத் தண்ணியா? அது மூக்கில்லாதவனுக்குப்பா."

மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போய்விட்டது. போகும்போது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இடம் அப்படியே இருந்தது, சாய்வும் அப்படியே இருந்தது, உள்ளே சரக்கில்லை. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தார். வரவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மனைவிக்குத் தெரிந்துபோனதற்கு அவருடைய அதிபுத்திசாலித்தனமே காரணம். கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசாத மனிதர், திடீரென்று அடுப்படிப் பக்கம் வரும்போதெல்லாம், "என்னா வாசனை, ஆளைத் தூக்குது" என்று பாராட்டத் தொடங்கினார். அவளும் முதலில் பூரித்துத்தான் போனாள். ஒருநாள் மூடியிட்ட பாத்திரத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்து, "இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சிற வேண்டியதுதான்" என்றார். உள்ளே வெந்துகொண்டிருந்தது, எண்ணெய்ப் பிசுக்குப் போக சோடா உப்புப் போட்டு அவள் வேகவைத்த கரித்துணிகள். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கண்ணாடி அலமாரியில் அவருடைய ஷேவிங் பிரஷ்ஷைக் காணவில்லை. கொட்டகை அலமாரியில், நுரை காய்ந்து வெள்ளை படிந்து, ஒரு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சோப்புத் தண்ணீர். யாரும் வருவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் நுரை தடவிப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் முன்னால் கண்ணை மூடி முகர்ந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பிரஷ்ஷை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

இத்தனை வருஷமாக அந்தச் சனியனை வீட்டைவிட்டு விரட்ட அவள் சொல்லாத சொல் இல்லை. இப்போது ஒரே சொல் போதும்: உங்களுக்குத்தான் மூக்கு இல்லையே. அதைச் சொன்னால் டேங்க் அன்றைக்கே கிளம்பிவிடும். அதோடு மூக்கரும் கிளம்பிவிடுவார். வீட்டில் வெறும் பிளம்பர் ஒருவர் மிஞ்சுவார். சொல்லாமல் விட்டால் என்றைக்காவது ஒரு ஞாயிறு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. நுரை, தடவின இடத்தைத்தான் காட்டும். தடவ நினைக்காத இடத்தைக் கண்டுபிடிக்க மூக்குதான் வேண்டும். மகளிடம் சொல்ல வாயெடுத்து, "மழை விட்டுருச்சு" என்று பேச்சை மாற்றினாள். அந்த வாரத்திலிருந்து, சனிக்கிழமை துணி துவைக்கிறவள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். துணி காயும் கொடி கொட்டகை வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஒரு தலையணை உறையை உதறிக் காயப்போட அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால், யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வரவில்லை.

அன்றும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். கொடியிலிருந்து ஒரு கிளிப் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். நிற்கும்போது இல்லாத வாடை குனிந்ததும் முகத்தில் அறைந்தது. இந்த கேஸ் மேலே போகிற ஜாதியில்லை, தரையோடு தரையாகத் தவழ்ந்து வரும் என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அழுகிய முட்டைக்கோஸ். நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர், அப்போதுதான் குடித்து முடித்த பாட்டிலில் பர்னரைத் திருகிவிட்டு, எரிகிறதா என்று பார்க்க லைட்டரைக் கையில் எடுத்திருந்தார்.

கத்தினால் திடுக்கிட்டு அழுத்திவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால், கடைக்குப் போய்வரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, லைட்டரைக் கீழ வைங்க. பெரியம்மா அழுவுது."

அவர் கை அப்படியே நின்றது. லைட்டரை மெதுவாகத் தரையில் வைத்தார். எழுந்து போய் டேங்கின் வால்வை மூடினார். சுவரோடு உரசி உரசி, பின்பக்கம் வெடித்திருந்த ரப்பர் குழாயைக் கண்டுபிடிக்க அதன்பிறகு நேரமாகவில்லை. அவர் நுரை தடவ நினைக்கவே நினைக்காத இடம். கொட்டகைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, இருவரும் முன்பக்கம் போய் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அவள் கையில் கிளிப் இன்னும் இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவர், "எனக்கு வாசனை தெரியறதில்ல" என்றார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கரித்துணியை ஒரு பிடி பிடிக்கிறேன்னு சொன்னீங்களே, அன்னியிலேர்ந்து."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். நாளைக்கு ஆளைக் கூப்பிட்டு டேங்கை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுகிறேன் என்றார். மெக்கானிக்குக்கும் கேக் அம்மாவுக்கும் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், முதுகுவலி என்றுகூடச் சொல்லலாம் என்றார். இந்த வாக்கியத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள். அது வந்தபோது, பிடிக்காத வரனுக்கு வீட்டார் சம்மதித்துவிட்டது போல அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு கேஸ் டேங்குக்காக ஒரு மனிதர் இப்படி முகம் வாடலாமா என்றிருந்தது. அந்த முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"மொதல்ல அந்த ரப்பர் குழாயை மாத்துங்க. மத்ததைப் பெறகு பாக்கலாம்" என்றாள். எழுந்து போகும்போது, "என் தராசையும் உள்ள கொண்டாந்து வைங்க" என்றும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு கொட்டகை வாசலில் இரண்டு ஸ்டூல்கள் இருந்தன. சுவரில் உரசாதபடி கொக்கி அடித்து, புதுக் குழாய் மாட்டியிருந்தது. ஷேவிங் பிரஷ் டப்பாவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்திருந்தது. அவர் தாராளமாக நுரை தடவினார். அவள் எழுந்து டேங்கைச் சுற்றி ஒரு முறை குனிந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அவர் ஒவ்வொரு பாட்டிலின் வாயையும் துண்டு நுனியால் துடைத்து, விருந்தாளிக்குத் தம்ளர் கொடுப்பதுபோல அவளிடம் நீட்டினார். அவள் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு முகர்ந்தாள். முதல் பாட்டிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டாவதற்கு, "ம், நல்ல பிள்ளைதான்" என்று முணுமுணுத்துவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவர் தராசைப் பார்ப்பதுபோலக் குனிந்து சிரித்தார்.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. "மூக்கர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் வந்த மெக்கானிக், வழக்கம்போல பாட்டிலை நேராக அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. ஸ்பேனர் பிடித்திருந்த கையை மெல்லத் தூக்கி, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார்.