பிரியந்தினியின் கத்துகிற கற்கள்

பிரியந்தினி வீட்டு அலுமாரியில் உடுப்புக்கு ஒரு தட்டுத்தான். மற்ற நான்கு தட்டுகளிலும் கல். முட்டை அடுக்கும் காகித மட்டைகளில், முட்டை இருக்க வேண்டிய ஒவ்வொரு குழியிலும் ஒரு கல். கல்லுக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி. அதில் திகதி, எத்தனை சென்ரிமீற்றர் ஆழம், வெயிலா மழையா என்ற விபரம். கடைசியாக எண்ணியபோது நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

வடிவான கற்களைப் பார்க்க ஆசைப்பட்டு அந்த அலுமாரியைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பளபளப்பவை நாலைந்துதான். மிச்சமெல்லாம் செம்மண் கிறவல் உருண்டைகள், துரு நிறக் கட்டிகள், பெயர் தெரியாத கறுத்த துண்டுகள். ஆனால் இவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. ஒவ்வொன்றும் ஒருநாள் பிரியந்தினியின் நெஞ்சைத் திடுக்கிட வைத்திருக்கிறது.

நாற்பத்தொரு வயதான பிரியந்தினி மிதிவெடி அகற்றுகிறவர். ஓமந்தைக்குக் கிழக்கே, வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில்தான் வேலை. ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழந்தாளிட்டு, முகத்துக்குத் தடித்த மறைப்புப் போட்டுக்கொண்டு, இரும்பைக் கண்டால் கத்தும் டிடெக்டரை நிலத்துக்கு மேலே மெல்ல அசைக்க வேண்டும். சத்தம் வந்தால் அந்த இடத்தில் நேரே கை வைக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளித் தொடங்கி, பக்கவாட்டில், சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே நெருங்க வேண்டும். அரை மணி நேரம் போகும், சில வேளை ஒரு மணியும் போகும். கடைசியில் வருவது மிதிவெடியாக இருக்கலாம், துருப்பிடித்த ஆணியாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கல்லாகத்தான் இருக்கும். சில கற்களுக்குள் இருக்கும் இரும்பு டிடெக்டரைக் கத்த வைத்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கிழமை, நாற்பது நிமிடம் வியர்த்து ஒழுகி அவர் வெளியே எடுத்த முதல் பொருள் அப்படியொரு கல். மற்றவர்கள் என்றால் ஒரு கெட்ட வார்த்தையோடு எறிந்திருப்பார்கள். பிரியந்தினி அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த அதே நிறக் கல் சும்மா இருக்க, இது மட்டும் ஏன் கத்தியது? அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. வெடி நிலத்திலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். ஆகையால் மேற்பார்வையாளரிடம் போய் நின்றார்.

"கல்லுக்கு அனுமதி கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான்," என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, கிழமைக்கொருக்கால் ஒவ்வொரு கல்லையும் தன்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். பதினொரு வருடமாக அந்தக் கையெழுத்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

கணவர் குகதாசன் மேசன் வேலை செய்கிறவர். "மற்றப் பெண்டுகள் வேலையால வரேக்க மீன் வாங்கிக்கொண்டு வருவினம். இவா கல்லுக் கொண்டு வாறா," என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் குறை. ஒருமுறை தண்ணீர்த் தாங்கிக்கு முட்டுக்கொடுக்க மட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார். பிரியந்தினி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மனிதர் தாங்கியைத் தூக்கிக் கல்லை எடுத்து, கழுவித் துடைத்து, பழைய குழியில் வைத்தார்.

உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்தான் பிரியந்தினியின் ஆய்வுகூடம். அதை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்தவை கொஞ்சநஞ்சமல்ல. காந்தம் இழுக்கும் கல்லெல்லாம் கத்துவதில்லை. காந்தம் சட்டை செய்யாத சில கற்கள் ஊரைக் கூட்டும். நெருப்பில் வெந்த கல் வேகாத கல்லைவிடப் பலமாகக் கத்தும். கடைசிச் சங்கதியை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதுவே அவருக்கு வினையாக வந்தது.

கமலாசனியின் காணி ஒன்றே கால் ஏக்கர். மீள்குடியேறி வந்த நாளிலிருந்து கமலாசனி தங்கை வளவில் ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு, தன் காணியை, வெடி நிலம் என்று சுற்றிக் கட்டிய சிவப்பு நாடாவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போன புரட்டாதியில் அங்கே வெடி அகற்றும் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காணி கையளிப்பு. அதிகாரிகள் வருவதாகச் சொல்லிப் பந்தலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, எஞ்சிக் கிடந்த ஒன்பது மீற்றர்த் துண்டில் டிடெக்டர் கத்தத் தொடங்கியது. முப்பத்தொரு இடத்தில் கத்தியது. அவ்வளவு சிறிய துண்டில் ஒருவர்தான் இறங்கலாம், அதுதான் பாதுகாப்பு. எரிந்து இறுகிய அந்த மண்ணில் ஒரு நாளைக்கு நான்கு இடம் தோண்டினாலே பெரிய காரியம்.

குழுத் தலைவர் நிரோஜன் பிரியந்தினியைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல. தலைக்கு மேல் தவணை நிற்கிறது, அவ்வளவுதான்.

"அக்கா, ஒருக்கா நடந்து கேட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் கல்லெண்டா நான் கல்லெண்டு எழுதுறன். கல்லில உங்களை மிஞ்ச ஆர் இருக்கினம்?"

நாடாவுக்கு அப்பால் குடையோடு நின்ற கமலாசனிக்கும் அது கேட்டது.

"பிள்ளை, அது என்ர குசினி நிண்ட இடம். இருவது வரியம் அதில அடுப்பெரிச்சனான். கடைசியில குசினியும் எரிஞ்சு அதிலதான் விழுந்தது. சுட்ட கல்லுக் கத்தும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம் அம்மா. சுட்ட கல்லாத்தான் இருக்கும்."

"பேந்தென்ன? மழைக்கு முன்னம் கச்சான் போடோணும். இந்த வரியமும் விட்டா நான் என்ன செய்யிறது?"

பிரியந்தினி டிடெக்டரோடு அந்தத் துண்டின் ஓரத்தில் போய் நின்று கேட்டார். கல் என்றுதான் மனம் சொன்னது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை பந்தல் போடலாம், கமலாசனி கச்சான் கடலை விதைக்கலாம். அந்தச் சொல் பிழைத்தால் நிலத்தில் காலை வைக்கப்போகிறவரும் கமலாசனிதான்.

"நாளைக்குச் சொல்லுறன்," என்று வந்துவிட்டார்.

மறுநாள் காலை சைக்கிள் கரியரில் இரண்டு முட்டை மட்டைகள் வந்திறங்கின. தினமும் வேலைக்கு முன் டிடெக்டர்களைச் சோதிக்கும் இடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார். அங்கே சோதனை வட்டுகள் இருக்கும். மிதிவெடிக்குள் இருக்கும் அளவு இரும்பை மட்டும் வைத்த, வெடிக்காத பிளாஸ்டிக் வட்டுகள் அவை. பக்கத்துப் பாதையில் வேலை செய்யும் இராசாத்தியிடம் கற்களைக் கொடுத்தார்.

"பத்துக் குழி வெட்டு. ஆறில கல்லு, நாலில வட்டு. தாட்டுப்போட்டுக் கூப்பிடு. நான் திரும்பி நிக்கிறன்."

"தோத்தா என்ன தருவாய்?" இராசாத்தி முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. பந்தயம் இல்லாமல் எதையும் செய்யமாட்டார்.

"தோக்கத்தான் போறன். தேத்தண்ணி தாறன்."

பிரியந்தினி குழி குழியாக நின்று கேட்டார். அவசரப்படவில்லை. சிலதில் இரண்டு தடவை, மூன்று தடவை டிடெக்டரை அசைத்தார். கல், கல், வட்டு, கல் என்று சொல்லிக்கொண்டே போனார். இராசாத்தி ஒவ்வொன்றாகக் கிண்டிக் காட்டினார். ஆறு சரி. நான்கு பிழை. அந்த நான்கில் இரண்டு, கல் என்று அவர் அடித்துச் சொன்ன வட்டுகள்.

இராசாத்தி அந்த இரண்டு வட்டுகளையும் துடைத்து நிரோஜனுக்கு முன்னால் வைத்தார்.

"இந்தக் கல்லெல்லாம் நானே கிண்டி எடுத்தது, தம்பி. ஒவ்வொண்டையும் எத்தினை தரம் கேட்டிருப்பன்," என்றார் பிரியந்தினி. "அப்பிடியிருந்தும் ரெண்டு தரம் என்ர கால் போயிருக்கும். இனி நான் கல்லெண்டு சொன்னா நீங்கள் எழுதுவீங்களோ?"

நிரோஜன் வட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார். மறுமுனையில் வாங்கிய ஏச்சு அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் திரும்பி வந்து, "கையளிப்பைத் தள்ளி வைச்சாச்சு," என்றார்.

கமலாசனி குடையை மடக்கினார். "எத்தினை நாள் செல்லும்?"

"எட்டு நாள். மழை வந்தா இன்னும் கூடும்," என்றார் பிரியந்தினி.

"அப்ப கச்சான் சரிவராது." அவர் காணியை ஒருமுறை பார்த்தார். "உழுந்து போடுறன், அது பிந்தினாலும் வரும். நீர் கிண்டும்."

பிரியந்தினியே இறங்கினார். இடையில் மூன்று நாள் மழை பெய்து வேலை நின்றது. முப்பத்தொரு இடத்தையும் தோண்டி முடித்தபோது கிடைத்தவை இருபத்தேழு கல், மூன்று ஆணி, ஒரு சட்டி மூடி. மிதிவெடி ஒன்றுகூட இல்லை. நிரோஜன் நினைத்ததும் சரி, கமலாசனி சொன்னதும் சரி, பிரியந்தினியின் மனம் சொன்னதும் சரி. பதினொரு நாள் போனதற்கு ஈடாகக் காட்ட எதுவும் இருக்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே இராசாத்தி கேட்டார்:

"முதலே கல்லெண்டு சொல்லியிருக்கலாமே. இப்ப கவலையோ?"

"எனக்கென்ன கவலை? இப்பத்தானே அது கல்லெண்டு தெரியும்."

கையளிப்பு பந்தலில்லாமல் நடந்தது. ஒரு அதிகாரி மட்டும் வந்து கடதாசியைக் கொடுத்துவிட்டுப் போனார். கமலாசனி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பிரியந்தினியிடம் வந்தார்.

"பிள்ளை, உந்த இருவத்தேழில மூண்டு என்ர அடுப்புக் கல்லு. பாத்தாத் தெரியும், ஒருபக்கம் கறுத்திருக்கும். அதுகளைத் தாரும்."

தன் கல்லைக் கணவருக்கே விட்டுக்கொடுக்காதவர் அன்று மறுபேச்சில்லாமல் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். கமலாசனி அவற்றை வேலியோரம் வைத்துவிட்டு, குசினி நின்ற இடத்துக்குப் போனார். கால்களை அகட்டி நின்று, மண்வெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கி, முழுப் பலத்தோடு நிலத்தில் இறக்கினார். குனிந்து பார்க்கவில்லை, ஒரு கணம் தயங்கவுமில்லை. பதினொரு வருடமாக மண்ணைக் கரண்டி நுனியால் மட்டுமே தொட்டுவந்த பிரியந்தினிக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கமலாசனி அதற்குள் இரண்டாம் வெட்டுக்கு மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.