மூன்று வினாடி

மலேசியாவின் தாப்பா பட்டணத்தில் ஒரு வலைப்பந்துப் பயிற்சியாளர் இருக்கிறார். ஒல்லியான உடம்பு. பேசும்போதும் கழுத்து விசிலை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

பல வருடங்களுக்கு முன்பொரு நாள் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் திடல் கேட்டு, நான் செயலாளராக இருக்கும் வலைப்பந்துச் சங்க அலுவலகம் வந்தவரிடம், "மூணு செகண்ட்ல சொல்லி முடிங்கலா, அக்கா. உங்க ஆட்டத்துல அதுக்குமேல பந்தக்கூட கையில வச்சிருக்கக் கூடாதே" என்றேன். என் நகைச்சுவைக்கு நான் மட்டும்தான் சிரித்தேன். திடலும் கொடுக்கவில்லை.

இந்த ஆண்டு தேசிய அணி கோப்பை வென்றது. அதில் இருவர் அவர் வளர்த்த பிள்ளைகள். 'தோட்டங்களில் வளரும் வலைப்பந்து' என்று ஆண்டறிக்கையில் போட, அவரோடும் பிள்ளைகளோடும் படமெடுக்கத் தொப்பையோடு போய் நின்றேன்.

"நடுவுல நிக்கவாக்கா?"

"நில்லுங்கண்ணே."

நின்றதும் விசில் ஊதினார். "மூணு செகண்ட் ஆச்சு. வெளிய போங்க."

ஆண்டறிக்கையில் என் முழங்கை மட்டும் வந்திருக்கிறது. அத்தனை வருடமும் அவர் எண்ணிக்கொண்டேதான் இருந்தாரோ என்னவோ.