இடது பக்கத்துப் பற்கள்

எந்த ஊரில் பல் மருத்துவரிடம் போனாலும் என் வாயைப் பார்த்ததும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். வலது பக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. இடது பக்கமோ பத்துத் தடவை பழுது பார்த்த ஓட்டு வீடு மாதிரி இருக்கும். அடைத்தது, மருந்து வைத்தது, உறை மாட்டியது எல்லாம் அங்கேதான். சின்ன வயதில் அடி ஏதும் பட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவேன். வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கதையை எப்படிச் சொல்வது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணுவாள். எடுத்ததுமே பல் விளக்கினாயா என்றுதான் கேட்பாள். அங்கே அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காலையும் ராத்திரியும் அவள்தான் பல் தேய்த்துவிட வேண்டுமாம். விளக்கிவிட்டேன் என்பேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்குமே என்ன பேசுவதென்று தெரியாது.

அப்பாவுக்குப் பால்கோவா கிண்டுகிற வேலை. காலைப் பால் வந்து இறங்குவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் விடியும் முன்னே கிளம்பிவிடுவார். சாயங்காலப் பாலையும் கிண்டி இறக்கிவிட்டு அவர் திரும்பும்போது நான் தூங்கிப்போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வரும், அதனால் அன்றைக்கும் லீவு கிடையாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது.

அம்மா போன மறுநாள் விழித்துப் பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. அவள் வந்து திறக்கும்வரை அழுது தீர்த்தேன். அது அப்பா காதுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த நாள் விடியற்காலையில், பாதித் தூக்கத்தில், என் உதட்டில் இரண்டு விரல்கள் பட்டன. விறகுப் புகையும் சுண்டிய பாலும் சேர்ந்த வாசம். வாய்க்குள் ஒரு சிறு உருண்டை பால்கோவா வந்து விழுந்தது. பிறகு பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. அப்பா இருந்தார், இப்போதுதான் போனார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று நான் அழவில்லை.

அது தினமும் நடந்தது. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கொல்லையில் முகம் கழுவும்போதே எனக்கு விழிப்பு வந்துவிடும். தூங்குவது போலக் கிடப்பேன். ஒரே ஒரு நாள் கண்ணைத் திறந்துவிட்டேன். திருடப் போய் அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி விழித்தார். “தூங்கு, தூங்கு” என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறக்கவே இல்லை. இடது பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுப்பது என் வழக்கம். உருண்டை இடது கன்னத்தில் போய்த் தங்கும். அதை நான் விழுங்க மாட்டேன். விழுங்கினால் அப்பா முழுசாகப் போய்விடுவார் என்று ஒரு எண்ணம். அக்கா வந்து பூட்டைத் திறக்கும்வரை அது கன்னத்துக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும்.

ஒரு வருடத்துக்குள் பச்சைத் தண்ணீர் பட்டாலே பல்லில் சுரீர் என்றது. யாரிடமும் சொல்லவில்லை. வலது பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டேன். கடைசியில் கன்னம்தான் காட்டிக்கொடுத்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, கன்னம் என்ன இட்லி கணக்கா இருக்கு? வாயத் தொற.”

திறந்தேன். அடுத்த பஸ்ஸில் இராஜபாளையம் போய்விட்டோம்.

பல் டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு பால் பல்லைப் பிடுங்கினார். வேறு இரண்டை இன்னொரு நாள் அடைக்கலாம் என்றார். உள்ளே இருந்த பெரிய பல்லில்தான் அவருக்குக் கவலை. “இது விழுந்து முளைக்கிற பல் இல்ல பாப்பா. நீ கிழவியானாலும் உனக்கு இதுதான்” என்றார். சொத்தை நரம்புக்குப் பக்கத்தில் போய்விட்டது, மருந்து வைத்திருக்கிறேன், இனிப்பை நிறுத்தினால் பிழைக்கும், இல்லையென்றால் இதையும் பிடுங்க வேண்டியதுதான் என்று சித்தியிடம் சொன்னார். பிடுங்கிய இடத்தில் கடித்துக்கொள்ள மடித்த துணி ஒன்றைக் கொடுத்தார். சித்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க மடிப்புத்தான். நல்லாக் கடி” என்று பெருமையோடு என் வாயில் வைக்கப் போனாள்.

டாக்டரம்மா அவள் கையைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அதெப்படி ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு சொத்தை? வாயில இனிப்பை வச்சுக்கிட்டே தூங்குவியா?”

அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆமாம் என்று சொன்னால் அந்த இரண்டு விரல்களும் நாளையிலிருந்து வராது. பல் போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இத்தனை பல்லில் ஒன்று குறைந்தால் என்ன? எனக்கு அப்பா ஒருத்தர்தான். “பாய் கடையில ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தின்னேன்” என்றேன். துணியை வாங்கிக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் தெரு முனையில் இருந்த பெட்டிக்கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி நேரே அங்கே போனாள். தாயில்லாத வீட்டுப் பிள்ளைக்கு எம்புட்டு மிட்டாயை விற்பீர் என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் பேசினாள். தெரு கூடிவிட்டது. பாய் கோபப்படவில்லை. “யம்மா, இந்தப் பிள்ள எங்கிட்டப் பென்சில் தவிர வேற ஒண்ணும் வாங்குனதில்ல. அதையே கேளுங்க” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் துணி இருந்தது நல்லதாகப் போயிற்று. சித்தி பாய் சொன்னதை நம்பவில்லை.

இரண்டு பாலுக்கும் நடுவே ஓய்வாக இருந்த அப்பாவைச் சித்தி வரவழைத்தாள். “தூங்கும்போது வாயில இனிப்பு கெடந்தாத்தான் இப்பிடி ஆவுமாம். அந்தப் பெரிய பல்லு தங்குறதே சந்தேகம்னு டாக்டரம்மா சொல்லுதாவ. ஒம்ம மக பாய் கடையில மிட்டாயா வாங்கித் தின்னிருக்கா” என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து பாய் கடைக்குப் போனார். அவரும் சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் பொய் எடுபட்டுவிட்டது என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடியலில் கன்னம் வலித்தாலும் இடது பக்கமாகவே படுத்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வாசம் வந்தது, விரல்கள் வரவில்லை. பிறகு எழுந்து எதையோ உருட்டினார். பூட்டுச் சத்தம் கேட்டது. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

எழுந்து பார்த்தால் தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீர். அதன் மேல் என் பிரஷ்ஷைப் படுக்க வைத்திருந்தார். அதில் பேஸ்ட் பிதுக்கி வைத்திருந்தது. ஒழுங்காகப் பல் விளக்கு என்று எனக்குப் போட்ட தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. “அப்பா எம்மேல கோவமாவே இருக்காரு” என்று அந்த வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன். அம்மா மறுபடியும், பல் விளக்கினாயா என்று கேட்டாள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது பாய் கடையில் நின்றேன். அவருக்கு இப்போது வாயில் பாதிப் பற்கள் இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். “அன்னைக்கு ஒங்கப்பா வந்து என் ரெண்டு கையயும் பிடிச்சுக்கிட்டாரு தாயி. எம்பிள்ள பல்லக் கெடுத்தது நாந்தான் பாய், அது என்னக் காட்டிக்குடுக்கலன்னு அழுதாரு” என்றார்.

அந்தப் பெரிய பல் பிழைத்துவிட்டது. உறைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. அம்மா திரும்பி வரும்வரை இரண்டு வருடம், அப்பா தினமும் விடியலில் என் தலைமாட்டில் அந்தச் சின்ன உருண்டையைப் பிதுக்கி வைத்துவிட்டுப் போனார். நான் எழுவதற்குள் அது காய்ந்து போயிருக்கும். குழாயடியில் கழுவிவிட்டு வேறு பேஸ்ட் வைத்துக்கொள்வேன். ஒரு நாள்கூட அதை நான் வாயில் வைத்ததில்லை.