சலூஸ், பெண்பால், ஒருமை

மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டு மூன்றாம் கிழமை. பின்னேர வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. மனைவி அவன் நெற்றியில் ஈரச்சீலையை மாற்றினாள். நான் கால்மாட்டில் இருந்தேன். இந்தக் கிழமை தாண்டினால் பிழைப்பான் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவன் பிதற்றத் தொடங்கினான். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் அது லத்தீன் என்று தெரிந்தது.

"சலூஸ், சலூஸ், சலூத்தெம்..."

இலண்டன் மெற்றிக்குலேசன் சோதனைக்காக நான் வீட்டில் படிப்பித்த சொல். கையால் தொட முடியாத ஒன்றின் பெயர், பெண்பால் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். சுகம் என்றும் பொருள், ஆபத்திலிருந்து தப்புதல் என்றும் பொருள். நாங்கள் கடிதத்தில் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்குவதுபோல ரோமருக்கு இந்தச் சொல் என்றும் விளக்கியிருந்தேன். கச்சேரியில் உத்தியோகம் முடிந்து வந்ததும், தேத்தண்ணி குடிக்குமுன், வேற்றுமைகளைக் கேட்பேன். பிழை விட்டால் எழும்பி நின்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன்.

"சலூத்திஸ், சலூத்தீ..." உதடுகள் வெடித்திருந்தன. கடைசி வேற்றுமைக்கும் "சலூத்தீ" என்றான்.

"சலூத்தே" என்று திருத்தினேன் நான்.

என் குரல் கேட்டதும் அவன் கண் திறந்தான். எங்களைக் கண்டானோ தெரியாது. போர்வையைத் தள்ளிக் காலைக் கட்டிலுக்குக் கீழே போட்டான்.

"நிக்கிறன் ஐயா. நிக்கிறன்."

மனைவி பாய்ந்து பிடித்தாள். "என்ரை ராசா, படு. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பிள்ளை சாகக் கிடக்குது. உங்களுக்கு இப்பவும் பாடமோ? வெளியிலை போங்கோ."

போய்க் கிணற்றடியில் நின்றேன். அவன் செத்துவிடுவான் என்று அவளைப்போல நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு பிழை என் காதில் உறைத்திருக்கிறது.

அவன் தப்பிவிட்டான். தலைமயிர் கொட்டி, தோள் எலும்பு தெரிய, கஞ்சி குடிக்கிறான். லத்தீன் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

நேற்றுக் கச்சேரியால் வந்து அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இரு ராசா. சும்மா பாக்க வந்தனான்."

"ஓம் ஐயா" என்றான். சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து எழும்பி நின்றான்.