கட்டம் கட்டமாக ஒரு முகம்

தெரு முழுக்க அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இடுப்பு கெஞ்சும் வரை எழுந்திருக்க மாட்டாள். ஹாலில் ஜன்னலோரம் மோட்டார் வைத்த மெஷின், எதிர்ச் சுவரில் டிவி. நாள் முழுக்க அந்த டிவியை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாயங்காலம் உள்ளூர்ச் சேனலில் வானிலை சொல்லும் நேரத்துக்கு மட்டும், தைத்துக்கொண்டே போட்டுவிடுவாள். வானிலை சொல்வது அவள் மகள்.

மகள் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு விடுதியில் இருக்கிறாள். அப்பாவோடு போனில் பேசுவாள், அம்மாவோடு பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அந்தச் சண்டை எதனால் வந்தது என்பது தையலக்காவுக்கு இன்று வரை புரிந்தபாடில்லை. டிவியில் வேலை கிடைத்த சேதியோடு மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இவள் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "ம்... ம்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ சொன்னியே, என்னடி அது?" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

"நான் பேசறப்ப ஒரு தடவையாவது அந்த மெஷினை நிறுத்தியிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் பெட்டியைக் கட்டினாள்.

கையும் காலும்தானே வேலை செய்கின்றன, காது சும்மாதானே இருக்கிறது? இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தையலக்கா கணவரிடம் இந்த நியாயத்தைக் கேட்காத நாள் இல்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. அந்தச் சேனல் ஆன்டெனாவில்தான் வரும் என்று தெரிந்ததும் மொட்டை மாடியில் ஒன்றை மாட்டச் சொன்னாள். கீழே டிவி பக்கத்தில் ஒரு டிஜிட்டல் பெட்டியும் வந்து உட்கார்ந்தது. பழைய டிவியில் படம் சரியில்லை என்றால் கொசு மொய்க்கும், ஒரு ஆள் ரெண்டு ஆளாகத் தெரிவார். ஆனாலும் யார் எவர் என்று கண்டுபிடித்துவிடலாம். டிஜிட்டலில் அந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. வந்தால் கண்மை வரை பளிச்சென்று வருகிறது. இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து, குரலும் அறுந்து, அப்படியே உறைந்து நிற்கிறது. மகளும் இதே ரகம்தான் என்று தையலக்கா முணுமுணுத்துக்கொண்டாள்.

மகள் திரைக்கு வந்து "நாளைக்கு" என்று தொடங்குவாள். உடனே கன்னம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு போகும். மழையா வெயிலா என்பது தெரியாது. மகள் இளைத்திருக்கிறாளா என்பதும் தெரியாது, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பியும் உயரமும் அவருக்குப் பழக்கம். மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு, "இப்ப தெரியுதா?" என்று கத்துவார். மெஷின் ஓடினால் மாடிக் குரல் சரியாகக் காதில் விழாது, அதனால் தையலக்கா நிறுத்திவிட்டு ஜன்னலில் தலையை நீட்டுவாள். திரும்பிப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். "தெரியுதுங்க!" என்பாள். அவர் இறங்கி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பழையபடி கட்டம்.

"ஞாயித்துக்கிழமை நான் மேட்ச் பாக்கறப்ப நல்லாத்தானே வருது?" என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி எடுக்கக் கடைவீதிக்குப் போயிருப்பாள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"உன்னைப் பாத்தா அதுக்குப் பயமோ என்னமோ."

ஆன்டெனாக்காரர் வந்தார். மெஷினை நிறுத்தி, அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தாள். படம் அசையவில்லை. "சிக்னல் அருமையா இருக்கேக்கா, உங்க கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணணும்," என்று சிரித்துவிட்டுப் போனார் அந்த மகானுபாவர்.

தையலக்காவுக்குத் தலை சுற்றியது. எதிரே எழும்பும் கட்டடத்தைச் சந்தேகப்பட்டாள். ஆன்டெனாவில் உட்காரும் காக்கையைச் சந்தேகப்பட்டாள். ஒரு நாள், மகளே உள்ளே இருந்து ஏதோ பொத்தானை அமுக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாளோ என்றுகூட நினைத்தாள். நினைத்த பிறகு வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தேகம் மட்டும் முழுசாகப் போகவில்லை.

அப்போதுதான் கணவர் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார். "இன்னிக்குத்தான் அவ கடைசியா வானிலை சொல்றா. வெளியூர் ஆபீஸ்ல வேற வேலையாம், டிவியில வர மாட்டாளாம். காலையில கிளம்பறா."

தையலக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். போன் பண்ணலாம்தான். யார் முதலில் இறங்கி வருவது? முகத்தையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும். ஆனால் ஓட்டல் சிப்பந்திகளின் சீருடை மலையாகக் கிடந்தது, வாங்கிப் போக ஆள் வரும் நேரம். அவள் கணவரை மாடிக்கு விரட்டினாள். "கையாலயே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க!"

செய்தி முடிந்து மகள் வந்தாள், உடைந்தாள்.

"தெரியுதா?" என்று மாடியிலிருந்து குரல்.

இவள் மெஷினை நிறுத்தினாள். முகம் கூடி வந்தது. "தெரியுது! அப்படியே இருங்க!" என்று கத்திவிட்டு மறுபடி ஒரு காலரை ஓட்டினாள். முகம் சிதறியது.

"ஏங்க கையை எடுத்தீங்க?"

"எங்கடி எடுத்தேன்? சிலை மாதிரி நிக்கறேன்!"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் மிதியை ஓங்கி மிதித்ததில் தடித்த மடிப்பில் ஊசி மாட்டிப் படக்கென்று ஒடிந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே புது ஊசிக்கு டப்பாவைக் கிளறினாள். கிளறும்போது மகளின் குரல் அறுபடாமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முழு முகமும் தெரிந்தது. ஆமாம், இளைத்துத்தான் இருக்கிறாள்.

ஊசியை மாட்டி, மிதியை லேசாக அழுத்தினாள். முகம் உடைந்தது. காலை எடுத்தாள். முகம் சேர்ந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் அழுத்தினாள், எடுத்தாள்.

சிக்னலைக் கெடுத்துக்கொண்டிருந்த மோட்டாரின் பிளக்கைத் தையலக்கா மெதுவாகப் பிடுங்கினாள். மடியில் கிடந்த சீருடை தரையில் நழுவியது, எடுக்கவில்லை. வடக்கே மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு வார்த்தைகூடச் சிந்தவில்லை. இத்தனை நாள் இந்த முகத்தைத் தானேதான் உடைத்துக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. அவள் வீட்டில் இருந்த காலத்திலும் இதே மெஷினால்தானே என்று தோன்றியபோது உட்கார முடியவில்லை.

கணவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார். "பாத்தியா, எப்படிப் பிடிச்சேன்!"

"நல்லாத்தான் பிடிச்சீங்க. போனைக் குடுங்க."

அவர் வாய் பிளந்தபடி கொடுத்தார். வெகு நேரம் மணி அடித்தது. வாசலில் ஓட்டல் ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. அவள் கையசைத்து, காத்திருக்கச் சொன்னாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

"நான்தான்டி."

அந்தப் பக்கமிருந்து பதறிய குரல் வந்தது. "அம்மா? என்னம்மா ஆச்சு? மெஷின் சத்தமே கேக்கல, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் தையலக்கா. "நிறுத்திட்டேன். நீ பேசு."