விரதம் இருந்த மீன்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் மீன் என்றால் குழம்புக்குத்தான். அதற்குக் கண்ணாடியில் வீடு கட்டி, லைட் போட்டு, வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுப்பார்கள் என்பது மாமா வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் வளர்ப்பு மீன் விற்கும் கடையொன்றில் ஆறேழு வருஷம் வேலை செய்தவர். கடையை மூடியபோது, யாரும் வாங்காமல் மிஞ்சிய இரண்டு பெரிய மீன்களையும் நாலடித் தொட்டியையும் மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு தலவாக்கலைக்கு வந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஏஜன்சிக்குக் கூட்டிப் போனவர் மாமா என்பதால் அப்பா அவரோடு பேசுவதில்லை. பேசாவிட்டாலும், வீடு தேடி வந்த மச்சானைப் போகச் சொல்ல முடியாதே. ஆகவே அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் இரண்டு பேரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். “ஒங்க மாமனுக்குச் சோறு போடு” என்பார் அப்பா. மாமா அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மீன் வெள்ளி நிறம், வாள் மாதிரி நீளம். அரோவானா என்று பெயர். அது தண்ணீரின் மேல்மட்டத்திலேயே இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கும். மற்றது ஒஸ்கார். கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் தீற்றல், தடித்த உதடு, எப்போதும் எதையோ யோசிக்கிற முகம். இரண்டும் மற்ற மீனைத் தின்று வளர்கிற சாதி. ஒன்று மேல்வீடு, ஒன்று கீழ்வீடு, வயிறு நிறைந்திருக்கும்வரை சண்டையே வராது என்று மாமா அடித்துச் சொன்னார். எங்கள் ஊர்க் குளிர் ஆகாது என்று அடுப்புச் சுவரோடு ஒட்டித் தொட்டியை வைத்தார். கரண்ட் போனால் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் மிதக்கவிடுவது என் வேலை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்பா கவ்வாத்து மலையில் தேயிலை வெட்டிக்கொண்டிருப்பார். மாமாவும் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போகத் தொடங்கிவிட்டார். பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஒஸ்கார் கண்ணாடி ஓரத்துக்கு ஓடி வரும். நான் நகர்ந்தால் அதுவும் நகரும். அன்றைக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் அதற்குச் சொல்வேன். அம்மா போனதிலிருந்து, நான் வருகிறேன் என்று எழுந்து வந்த ஒரே ஜீவன் அதுதான்.

அந்த வருஷம் திருவிழாவுக்குச் சில மாதம் முன்னால் அம்மாவின் போன் நின்றுபோனது. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. அப்பா எடுக்கும்போதெல்லாம் அரபியில் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லி அறுந்துபோகும். அப்பா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார்.

காப்புக் கட்டிய வீட்டில் கவுச்சி ஏறக்கூடாது. மீனுக்குப் போடும் கோழி ஈரலும் பொடிமீனும் கவுச்சிதானே என்று அப்பா என்னிடம் சொன்னார். அப்படிப் பார்த்தால் தொட்டியில் இருப்பதும் கவுச்சிதான் என்று மாமா என்னிடம் சொன்னார். வழக்குப் பூசாரியிடம் போனது. அவர் வெற்றிலையை மென்று முடித்துத் தீர்ப்புச் சொன்னார். உயிரோடு இருக்கிற மீன் கவுச்சியில் சேராது, ஆனால் அந்த வீட்டில் இருக்கிறபடியால் அதுவும் விரதம் பிடிக்க வேண்டும், தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் போடலாம். லயமே அதை நியாயம் என்றது. அரோவானா தேங்காய்ப்பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒஸ்கார் வாயில் வாங்கித் துப்பியது.

மறுநாள் மாமா ஒரு பால்மா டின்னைக் காட்டினார். மாட்டுப்பட்டிக் குப்பையில் தோண்டிய மண்புழு. தினமும் கொண்டுவந்து கக்கூஸ் பின்னால் வைப்பதாகவும், அப்பா வருவதற்குள் நான் தொட்டியில் போட்டுவிட வேண்டுமென்றும் சொன்னார். “மண்புழு கவுச்சியில சேராது பாப்பா. பசிச்சா ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கும்.”

போட்டிருப்பேன். ஆனால் அன்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. அத்தை அப்பாவின் தங்கை, அடுத்த காம்பரா. காப்புக் கட்டிய வீட்டில் சின்னப் பிழை நடந்தாலும் அது குவைத்தில் இருக்கிறவள் தலையில்தான் விடியும் என்றார்.

புழுவைத் தேயிலைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு வெறும் டின்னைத் திரும்ப வைத்தேன். போட்டியா என்று மாமா கேட்டார். போட்டேன் என்றேன். ஆறு நாள் இப்படியே போனது. நான் உள்ளே போனதும் ஒஸ்கார் ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் தொட்டியை மூடியிருந்த பலகையைத் தூக்கி, முதல் நாள் மிதந்ததை அள்ளி எறிந்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவிவிட்டு ஓடிவிடுவேன். பின்னேரங்களில் வாசல் இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து, பனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள், தீச்சட்டிக்கு முதல் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தபோது அரோவானா சிமெந்துத் தரையில் கிடந்தது. வால் பிய்ந்து நார்நாராக இருந்தது. கீழ்வீட்டுக்காரன் விரட்டியிருக்கிறான், அது தாவியிருக்கிறது. தொட்டியின் மேல் பலகை விலகிக் கிடந்தது. மாமா இருட்டோடு லொறிக்குப் போய்விடுவார். கடைசியாக அந்தப் பலகையைத் தொட்டது நான்.

அப்பா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். காப்புக் கட்டிய கையோடு செத்த மீன் கிடக்கிற வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. மாமா வரும்வரை அவர் வெளியே, நான் உள்ளே. மாமா வந்து குனிந்து மீனைப் பார்த்தார். பிறகு தொட்டித் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் பீலித்தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தது. என்னைப் பார்க்காமல் வாசலுக்குப் போனார்.

“நாந்தான் மச்சான். காலையில பலகைய சரியா மூடல.”

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அன்றுதான். அப்பா சத்தம் போடவில்லை. “நாளைக்கு நான் சட்டி தூக்கணும். நீ கெளம்பிரு” என்றார்.

மாமா மீனைப் புதைத்து, தரையைக் கழுவி மஞ்சள்தண்ணீர் தெளித்துவிட்டு, ஒஸ்காரை மூடி போட்ட வாளியில் விட்டுத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறினார். பஸ் வளைவில் மறைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. அழுகை அடுத்த நாள் வந்தது, காலித் தொட்டியும் நானும் மட்டும் வீட்டில் இருந்தபோது.

இப்போது என் மகனுக்காக ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறேன். சாப்பிடுகிற மீன் இருந்தால் தண்ணீர் இரண்டு நாளில் கலங்கிவிடும். கடையிலேயே கிடந்த மனிதருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமா போய்ப் பத்து நாள் கழித்து அம்மாவின் போன் வந்தது. நான் பட்டினி போட்டதால்தான் வந்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மீன் செத்ததைக்கூட அம்மன் வாங்கிக்கொண்ட காணிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வீட்டுக்கு வந்த அம்மா வேறு கதை சொன்னாள்.

“மேடம் போனப் பறிச்சி வச்சிக்கிட்டா பாப்பா. ஒங்க மாமன் ஏஜன்சி வாசல்லயே கெடந்துருக்கான். தொறக்கிறப்பவும் நிப்பானாம், மூடுறப்பவும் நிப்பானாம். அவன் தொல்லை தாங்காமத்தான் மேடத்துக்கிட்ட பேசுனாங்க.”

அதைக் கேட்டு எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆறு நாள் யாரும் இல்லாமல் உட்கார்ந்து, இருந்த ஒரே துணையையும் பட்டினி போட்டு அம்மாவை மீட்டவள் நான். பெயர் மட்டும் அவருக்கா? அன்று சாயங்காலம் அவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். அம்மா என் கையில் கொடுத்தாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். நான் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.