நாலு கிலோ கட்டைவிரல்

உங்கள் கட்டைவிரல் எத்தனை கிலோ அழுத்தும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதல்லவா? பிறகு எந்தத் தராசை வைத்துக்கொண்டு அடுத்தவர் வலியை "இதெல்லாம் ஒரு வலியா" என்று எடை போடுகிறீர்கள்?

சங்கரேஸ்வரிக்குத் தெரியும். தினமும் நிறுத்துப் பார்க்கிறார். காலை எட்டேகாலுக்கு வீரகேரளம்புதூர் பஸ்ஸிலிருந்து தென்காசியில் இறங்கியதும் நேரே சுஹைபின் பழக்கடைக்குப் போகிறார். சுஹைப் தராசுத் தட்டில் கிடக்கும் ரம்புட்டானைக் கூடையில் தள்ளிவிட்டு, தட்டைத் துடைத்து, எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறார். சங்கரேஸ்வரி வலது கட்டைவிரலைத் தட்டின் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார். நகம் வெளுக்கிறது.

"நாலு முன்னூறு" என்கிறார் சுஹைப். "எக்கா, காலையிலயே யாரு மேல கோவம்?"

"பஸ்ல ஒருத்தன் எங்கால மிதிச்சிட்டு, கால ஏன் அங்கன வச்சீங்கன்னு கேக்கான்."

"அப்போ முன்னூறு கம்மிதான்."

மறுபடி அழுத்துகிறார். மூன்று தொள்ளாயிரம். அடுத்து நான்கு. அதற்கடுத்து நான்கு. தொடர்ந்து மூன்று முறை நான்கு வந்தால்தான் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். பழம் வாங்க நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருமுறை குற்றாலத்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துத் தானும் விரலை வைத்துவிட்டுப் போனாராம். அவருடையது ஆறரைக் கிலோ. "பாவம், அவரு பொண்டாட்டி" என்றார் சங்கரேஸ்வரி.

வேண்டுதல் இல்லை, வேலை. தென்காசியில் டாக்டர் விஜயசங்கர் மூட்டுவாத மருத்துவர். அவருடைய மருத்துவமனையில் இரண்டு வருடங்களாக ஓர் ஆய்வு நடக்கிறது. கை கால் மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாதம் நமக்குத் தெரிந்த நோய். ஃபைப்ரோமயால்ஜியா வேறு வகை. வீக்கம் இருக்காது, ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும், எக்ஸ்ரே பளிச்சென்று வரும். ஆனால் உடம்பெல்லாம் உளையும், தூங்கி எழுந்தாலும் தூங்காத களைப்பு இருக்கும், அடுப்பில் வைத்தது மறந்துபோகும். முடக்குவாதம் உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவதும் சேர்ந்து இருக்கிறது என்பதுதான் ஆய்வு. அதற்காக உடம்பில் பதினெட்டு இடங்களை நான்கு கிலோ கனத்தில் அழுத்தி, எங்கெல்லாம் வலிக்கிறது என்று சங்கரேஸ்வரி எண்ண வேண்டும். கனம் குறைந்தால் யாருக்கும் வலிக்காது, கூடினால் எல்லாருக்கும் வலிக்கும். இது பழைய முறை, இன்று கேள்வித்தாள் வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். இவர்கள் இரண்டையும் செய்கிறார்கள். அழுத்தம் அளக்கும் கருவி பழுதுபார்க்கப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அது வரும்வரை சுஹைபின் தராசுதான் தென்காசியின் ஆய்வுக்கூடம்.

சங்கரேஸ்வரிக்கு வயது நாற்பத்தொன்று. நர்ஸ் படிப்பு படித்தவர். வெள்ளைக் கோட்டின் பையில் நகவெட்டி வைத்திருப்பார். நகம் ஒரு இழை வளர்ந்தாலும் அழுத்துகிற வலி வேறு, குத்துகிற வலி வேறு என்பார். நோயாளியைத் தொடுமுன் தன் கையை வெந்நீர்ப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். பேசிக்கொண்டே இருப்பார். கேள்வித்தாளில் இல்லாததையெல்லாம் கேட்பார். மூச்சு விடாமல் பேசுகிற அந்தப் பெண்மணி, வலியின் எண்ணைக் கேட்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. நடுவில் எது?

அந்த எண்ணில்தான் ஆரம்பத்தில் பெரிய தப்பு நடந்தது. முதல் மூன்று மாதம் வந்த பெண்கள் எல்லாரும் "மூணு" என்றார்கள். பீடி சுற்றுகிறவர், வயலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவர் என எல்லாருக்கும் மூன்று. ஒருநாள் ஒரு பெண்ணின் கணவர் போன் வந்து வெளியே போனார். அந்தப் பெண் குனிந்து, "தாயி, அதை எட்டுன்னு எழுது" என்றார். சங்கரேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு ஆண் அறையில் இருந்தால் மூன்று. இல்லாவிட்டால் எட்டு. தான் எழுதிய நாற்பத்தாறு படிவங்களையும் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டி, "சார், இது பூராவும் தப்பு. நான்தான் எழுதினேன். திரும்ப எடுக்கணும்" என்றார். இந்த நாட்டில் அறிவியலுக்கு இதைவிடப் பெரிய சேவை செய்யாதவர்கள் சால்வை வாங்கியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். கேள்வி கேட்கும் நேரம் வந்ததும் பேனாவை உதறுவார். "அண்ணாச்சி, எழுத மாட்டேங்கு. கீழ கடையில ஒரு நீலப் பேனா வாங்கிட்டு வாங்களேன்." பெண்டாட்டிக்கு வலிக்கிறது என்றால் அசையாதவர்கள்கூட, ஆஸ்பத்திரிப் பேனா எழுதவில்லை என்றால் எழுந்துவிடுவார்கள். இவருடைய மேசை இழுப்பறை இப்போது நீலப் பேனாக்களால் மூட முடியாமல் கிடக்கிறது. அதில் ஒவ்வொரு பேனாவும் ஒரு பெண் சொன்ன உண்மை.

அந்தத் தந்திரம் ஒரே ஒருவரிடம்தான் பலிக்கவில்லை.

கீழப்பாவூர் வள்ளித்தாய் பீடி சுற்றுகிறவர். நாற்பத்தாறு வயது, ஆறு வருடமாக முடக்குவாதத்துக்கு மாத்திரை. இப்போது உடம்பு முழுக்க வலி. நோயின் தீவிரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தொட்டால் வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், ரத்தத்தில் அழற்சி, நோயாளியே தன் நிலைக்குக் கொடுக்கும் மதிப்பெண் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். வள்ளித்தாயின் கூட்டுத்தொகை எகிறியிருந்தது. மாத்திரை போதவில்லை, அடுத்த கட்டமாகப் பெரிய ஊசிக்குப் போக வேண்டும் என்று பேச்சு. நோய் எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற ஊசி. தேவைப்படுகிறவருக்கு அது வரம். தேவையில்லாதவருக்கு வீண் ஆபத்து. போடுவதா வேண்டாமா என்று அந்தப் புதன்கிழமை முடிவு செய்ய வேண்டும்.

கூட வந்த கணவர் இசக்கிப்பாண்டி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சங்கரேஸ்வரி அழுத்த அழுத்த வள்ளித்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோளில் வலி, முழங்கையில் வலி. மூட்டே இல்லாத முன்கையின் நடுவில் வலி, நெற்றியில்கூட வலி. மணிக்கட்டில் மூன்று மந்திரித்த கயிறுகள் இருந்தன. சங்கரேஸ்வரி அவற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. 'பிற சிகிச்சை' என்ற கட்டத்தில் 'கயிறு, மூன்று' என்று எழுதினார். கயிறு கட்டியவரை வைய எனக்கு ஆசைதான். ஆனால் அதே கோப்பில் வேறொரு மருத்துவர் முன்பு எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது: 'மனப்பிரமை'. கயிறு கட்டியவராவது வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். படித்தவர் அதையும் செய்யவில்லை.

"நடிக்கா" என்றார் இசக்கிப்பாண்டி. "ரத்தத்துல ஒண்ணுமில்ல, எக்ஸ்ரேல புதுசா ஒண்ணுமில்ல. நெத்தியில தொட்டா வலிக்காம்லா. நானும் பனியில நின்னவன்தான்."

சங்கரேஸ்வரி கோபப்படவில்லை. இரண்டு தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இது போன மாசம் எடுத்தது. இது இன்னைக்கு எடுத்தது. அண்ணிய அந்தப் பக்கம் பாக்கச் சொல்லிட்டு, மாத்தி மாத்தித்தான் அழுத்துதேன். பதினெட்டுல பதினாறு இடம் அன்னைக்கும் வலிச்சிருக்கு. அதே பதினாறுதான் இன்னைக்கும். நடிக்கணும்னா ஞாபகம் வேணும் அண்ணாச்சி. இவங்க நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க."

"தோசை" என்றார் வள்ளித்தாய்.

"இட்லி" என்றார் இசக்கிப்பாண்டி, தன்னையறியாமல்.

பிறகு எண் கேட்கும் நேரம் வந்தது. சங்கரேஸ்வரி பேனாவை உதறினார். இசக்கிப்பாண்டி சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து நீட்டினார். பின்னால் சிவப்பும் தயாராக இருந்தது. ராணுவத்துக்காரர்.

சங்கரேஸ்வரி அந்தச் சிவப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "பச்சை வேணும் அண்ணாச்சி."

"பச்சையா? பச்சை மை ஆபீசர்லா போடுவாரு."

"ஆமா. அதான் முக்கியம்."

அவர் எழுந்து, பொத்தானைச் சரிசெய்துகொண்டு போனார். தென்காசியில் பச்சைப் பேனா லேசில் கிடைக்காது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த முக்கால் மணி நேரத்தில் வள்ளித்தாய் ஒன்பது என்றார். பிறகு சொன்னார்: "குத்தால சீசன்ல இவுக என்னைய ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனாவ. எண்ணெய் தேச்சு நின்னா எல்லாம் போயிரும்னு. எல்லாரும் சுகமா நிக்காங்க. எனக்கு மேல கல்லெறியுத மாதிரி இருக்கு. அழுதேன். தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும். வெளிய வந்ததும் சரியாயிட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாவ. பொறவு நான் எப்படி வலிக்கின்னு சொல்லுவேன்?"

சங்கரேஸ்வரி படிவத்துடன் டாக்டர் அறைக்குப் போனார். "சார், தொட்டா வலிக்குற மூட்டு பத்தொம்பது. வீங்குன மூட்டு ஒண்ணுகூட இல்ல. நெத்தியிலயும் வலிக்கி. நெத்தியில ஏது சார் மூட்டு?"

டாக்டர் விஜயசங்கர் நல்லவர். தன்னைவிட நன்றாகக் கவனித்தவரை அவருக்குப் பிடிக்கும். தானே எழுந்து வந்து கை மூட்டுகளை ஸ்கேன் வைத்துப் பார்த்தார். அழற்சி அடங்கியிருந்தது. பழைய மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மீதி வலி இரண்டாவது நோயினுடையது. ஊசி வேண்டாம் என்று முடிவாயிற்று. தினமும் கொஞ்சம் நடை, தூக்கத்துக்கு ஒழுங்கு, ஒரு சின்ன மாத்திரை.

பச்சைப் பேனாவோடு திரும்பிய இசக்கிப்பாண்டி, "அப்போ வலி நிசமில்லதானே?" என்றார்.

"கோயில் கொடை விழாவுல மைக்செட்ட அலற விட்டா எப்படி இருக்கும் அண்ணாச்சி? பாட்டு நிசந்தான். சத்தத்தைத்தான் யாரோ கூட்டி வச்சிருக்கான். இவங்க நரம்புல அந்தத் திருகு மேலயே நின்னுபோச்சு. கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்." சொல்லிவிட்டுப் பச்சைப் பேனாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, ஒரு நோட்டையும் வைத்தார். "தெனமும் இவங்க சொல்லுத நம்பர நீங்க எழுதணும். நீங்க நினைக்குத நம்பர இல்ல."

அடுத்த மாதம் நோட்டு வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள், எல்லாம் பச்சை மை. முதல் ஒன்பது நாளும் மூன்று என்று எழுதி, பிறகு ஒவ்வொரு மூன்றையும் அடித்து, எட்டு, ஒன்பது, எட்டு என்று மாற்றி, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முகத்தைப் பாத்துக் கேட்டா மூணுங்கா" என்றார் இசக்கிப்பாண்டி. "எனக்கு சந்தேகம் வந்துட்டு. பத்தாம் நாளு சொன்னேன், நீ வாயால சொல்ல வேண்டாம், எத்தனை வலியோ அத்தனை பீடிய தட்டு ஓரத்துல தனியா வைட்டி, நான் கடைக்குப் போயிட்டு வந்து எண்ணிக்கிடுதேன்னு. வந்து பாத்தா எட்டு பீடி. பழைய நாளையும் கேட்டேன். ஒவ்வொண்ணா வச்சா."

கடைசி வாரத்தில் ஆறு, ஆறு, ஏழு, ஐந்து. அற்புதமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் இருவரும் குளக்கரையில் நடக்கிறார்களாம்.

இந்த ஆய்வு கட்டுரையாக வரும்போது சங்கரேஸ்வரியின் பெயர் ஆய்வாளர் பட்டியலில் இருக்காது. கடைசிப் பக்கத்து நன்றியில் 'பணியாளர்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் இருப்பார். கேட்டால், "எம்பேரு நீளம் சார், எடம் பத்தாது" என்கிறார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

நோட்டு வந்த அன்றும் அவர் வெந்நீர்ப் பையில் கையைச் சூடாக்கிக்கொண்டார். பதினெட்டு இடங்களை அழுத்தி முடித்தார். எண் கேட்கும் நேரம் வந்தது. சங்கரேஸ்வரி பேனாவை உதறக் கையைத் தூக்குவதற்குள், இசக்கிப்பாண்டி தானாக எழுந்தார்.

"பேனா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். அவர் பையில் மூன்று பேனாக்கள் இருந்தன.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எண்ணை எழுதிவைக்க ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, எழுந்து கடைக்குப் போய் ஒரு பேனா வாங்கி வாருங்கள்.